தராசு ஏறாத கூஸ்பெரி

என் வீட்டுக்காரன் நெவில் கொட்டும் மழையில் தான் நனைந்துகொண்டு ஒரு செடிக்குக் குடை பிடித்தபடி நின்றான். அதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்த அன்றுதான் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இவனுக்கு எங்கள் ஊரில் பிறந்த ஒரு பாட்டனைத் தேடிப் பிடித்துக் கொடுக்காவிட்டால் இந்த வீட்டில் இனி நிம்மதி கிடையாது.

செடி என்றால் கூஸ்பெரிச் செடி. முள்ளும் இலையுமாக இடுப்பளவு வளரும். காய் கோலிக்குண்டு அளவு இருக்கும், புளிக்கும், ஜாம் கிண்டலாம். ஆனால் எங்கள் ஊர் ஹாக்லோவில் ஜாமுக்காக அதை வளர்ப்பவனை நாங்கள் மனுஷனாகவே மதிப்பதில்லை. ஜூலை கடைசிச் சனிக்கிழமை 'கறுப்புக் கிடா' பப்பின் மாடியில் போட்டி நடக்கும். யாருடைய காய் கனமோ அவருக்கு ஒரு செம்புக் கெட்டில். அந்தக் கெட்டிலுக்காக அண்ணன் தம்பி சாகும்வரை பேசிக்கொள்ளாத குடும்பங்கள் உண்டு. செடியில் ஒன்றிரண்டு காயை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைக் கிள்ளி எறிவார்கள். ஆட்டுப் புழுக்கையைக் கரைத்து ஊற்றுவார்கள். காயின் நுனி நனையும்படி அடியில் ஒரு சாசரில் சர்க்கரைத் தண்ணீர் வைப்பார்கள். மழை அதிகமானால் காய் வெடித்துவிடும், அதற்குத்தான் குடை. நான் பிறந்த அன்று என் அப்பா ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. காயில் குளவி உட்காராமல் விரட்டிக்கொண்டிருந்தாராம்.

அந்த வருஷம் நெவிலின் செடியில் ஒரு காய் கோழிமுட்டை அளவுக்கு வந்துவிட்டது. இன்னும் வளர்ந்துகொண்டும் இருந்தது. பிரச்சினை என்னவென்றால் அவன் போட்டியில் கலந்துகொள்ள முடியாது. ஊரில் பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊரில் பிறந்த ஒருவரின் நேர் வம்சமாக இருக்க வேண்டும் என்பது போட்டி நடத்தும் கூஸ்பெரிச் சங்கத்தின் விதி. நெவில் பிறந்தது மக்கிள்ஸ்ஃபீல்டில். இங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அந்த பஸ்ஸை ஓட்டியவனே அவன்தான், அதில் ஏறித்தான் நானும் மாட்டிக்கொண்டேன். கல்யாணமாகி முப்பது வருஷம் எங்கள் ஊரிலேயே இருந்தும் அவனை எல்லோரும் 'மிஸ்டர் லோமாஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள். மருத்துவரையும் மாவட்ட அதிகாரியையும் கூப்பிடுகிற மாதிரி.

"என் பேர்ல வையேன்" என்றேன். "நான் இங்க பொறந்தவதானே? அப்பாவுக்குக் கெட்டில்கூட கெடச்சிருக்கு."

"வேணாம்."

"ஏன் வேணாம்?"

"என்னை மேவிஸ் புருஷன்னுதான் இந்த ஊருக்குத் தெரியும். என் காயும் மேவிஸ் காயாப் போயிட்டா அப்புறம் நான் எதுக்கு? குடைக் கம்பியா?"

போட்டி நாளன்று உறுப்பினர் அல்லாதவர்கள் மாடி ஏறக் கூடாது. நெவில் ஒவ்வொரு வருஷமும் கீழே, மாடிப்படிக்குப் பக்கத்தில், கையில் பீரோடு நின்றுகொண்டிருப்பான். மேலே தராசைத் தொடுவதற்கு முன்னால் உறுப்பினர்கள் கோப்பையைத் தூக்கி, "ஈயக்குண்டனுக்கும் அவன் வம்சத்துக்கும் தராசு கிடையாது!" என்று கத்துவது வழக்கம். எந்தக் காலத்திலோ எவனோ ஒருவன் காய்க்குள் ஈயக்குண்டைச் செருகி ஏமாற்றினானாம். அவன் நிஜப் பெயரைக்கூட ஊர் மறந்துவிட்டது, ஆனால் சீட்டாட்டத்தில் கள்ளத்தனம் பண்ணுகிறவனையும் எடை குறைத்து இறைச்சி போடுகிறவனையும் இன்றைக்கும் 'ஈயக்குண்டன்' என்றுதான் திட்டுவோம். மேலே அவர்கள் கத்தும்போது கீழே நின்றபடி நெவிலும் கத்துவான், எல்லோரையும்விட உரக்க. "என்னைத்தான் மேல விடமாட்டாங்க, என் சத்தத்தையாவது அனுப்பறேன்" என்பான். அதைக் கேட்டுப் பப்பில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அது சிரிப்பாக இருக்காது.

ஆகவே செஸ்டரில் உள்ள பழைய ஆவணங்களின் அலுவலகத்துக்கு நாங்கள் இருவரும் சாண்ட்விச் கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

அங்கே வந்து உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே ஆசை. தங்கள் வம்சத்தில் ஒரு பிரபுவாவது இருக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஒரு கப்பல் தலைவன், அதுவும் இல்லாவிட்டால் தூக்கில் தொங்கிய பிரபலமான கொள்ளைக்காரன். எங்களுக்குப் பக்கத்து மேஜையில் முத்துமாலை போட்ட ஒரு அம்மாள் இருந்தாள். இடைவேளையில் அவள் நெவிலிடம் மெதுவாக, "எங்க குடும்பம் ஒரு கோமகனோட கிளைன்னு நினைக்கிறோம். நீங்க யாரைத் தேடறீங்க?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒரு பிச்சைக்காரன் கெடச்சாப் போதும் மேடம்" என்றான் நெவில். "ஆனா ஹாக்லோ பிச்சைக்காரனா இருக்கணும்."

அதற்குப் பிறகு அந்த அம்மாள் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்பா வழியில் தோண்டத் தோண்ட மக்கிள்ஸ்ஃபீல்ட்தான் வந்தது. பட்டு ஆலையில் நூல் சுற்றியவர்கள், சாயம் போட்டவர்கள், ஆலை வாசலைப் பெருக்கியவர்கள். ஒருத்தி மட்டும் எங்கள் ஊர்ப் பக்கத்தில் பிறந்திருந்தாள். நெவில் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். நான் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அவள் பிறந்த வீடு ஓடைக்கு அந்தப் பக்கம், பக்கத்துப் பாரிஷ், வேறு ஊர்க் கணக்கு.

"பாலத்தைத் தாண்டிட்டுப் பெத்திருக்கக் கூடாதா!" என்று தலையில் அடித்துக்கொண்டான். "பத்து நிமிஷ நடை மேவிஸ்! வலியைப் பொறுத்துக்கிட்டு பத்து நிமிஷம் நடந்திருந்தா!"

"நீ பெத்துப் பார்த்தியா? வலியோட பாலம் தாண்டறதைப் பத்திப் பேச வந்துட்டான்."

அம்மா வழியில்தான் ஒரு நூல் கிடைத்தது. நெவிலின் பாட்டியுடைய அப்பா, ஜோசையா வார்டில் என்பவர். மக்கிள்ஸ்ஃபீல்டில் பட்டு ஆலையின் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர். 'எங்க அப்பா அதுக்கு முன்னாடி உப்பு வேலை பார்த்தாரு' என்று பாட்டி எப்போதோ சொல்லி நெவில் கேட்டிருக்கிறான். ஆனால் அந்த மனிதர் எங்கே பிறந்தார் என்பதுதான் பிடிபடவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர்களிடம் ஒரு தடவை நார்த்விச் என்று சொல்லியிருக்கிறார். நார்த்விச்சில் அப்படி யாரும் பிறக்கவில்லை. பத்து வருஷம் கழித்து வந்தவர்களிடம் 'தெரியாது' என்று சொல்லியிருக்கிறார்.

"பொறந்த ஊர் தெரியாத மனுஷன் உண்டா? இந்த ஆள் எதையோ மறைக்கிறான்" என்றேன்.

"என்னத்தை மறைக்கப் போறாரு பாவம்? நாள் பூரா கொதிகலன் முன்னால வெந்தா ஊர் பேரா ஞாபகம் இருக்கும்?" நெவில் அதற்குள் அவருக்குப் பரிந்துபேச ஆரம்பித்துவிட்டான்.

பிடிவாதத்தில் நான் என் அப்பாவைக் கொண்டவள். ஜோசையாவின் கல்யாணச் சான்றைத் தேடி எடுத்தோம். அதில் அப்பா பெயர் தாமஸ், தொழில் உப்புக் காய்ச்சுவது என்றிருந்தது. உப்புக் காய்ச்சிய ஊர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தோம். எங்கள் ஊரிலும் கால்வாய் ஓரம் அந்தக் காலத்தில் உப்புக் கொட்டகைகள் உண்டு, இப்போது சுவர் மட்டும் நிற்கிறது. ஆனால் எங்கள் தேவாலயப் பதிவுகளில் வார்டில் என்ற பெயரே இல்லை. நெவில் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான், போகலாம் என்று. அப்போதுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது. உப்புக்காரர்கள் பெரிய தேவாலயத்துக்கு எங்கே போனார்கள்? வேர்வையும் கிழிசலுமாக வருகிறார்கள் என்று அங்கே மூஞ்சி சுளிப்பார்கள். அவர்களுக்கு மெதடிஸ்ட் சிற்றாலயம்தான். அதன் பதிவேட்டைப் படம் பிடித்த பிலிமைத் திரையில் ஓட்டினேன். கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது: ஜோசையா, தாமஸ் வார்டிலின் மகன், உப்புக் காய்ச்சுபவர், ஹாக்லோ.

நெவில் சத்தம் போடுவான் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். அவன் சத்தம் போடவில்லை. எழுந்து நின்று, மாட்டிய தொப்பியை மறுபடி கழற்றினான், அந்தத் திரைக்கு முன்னால். முத்துமாலை அம்மாள்கூடத் திரும்பிப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷமாக அவன் சிரித்துச் சிரித்து மறைத்துவைத்த ஆசை எவ்வளவு பெரிது என்பது அப்போதுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது.

அப்புறம் வீட்டில் ஜோசையா புராணம்தான். கால்வாய்ப் பக்கம் போனால், "இங்கதான் எங்க ஜோசையா வெறும் ஒடம்போட நின்னு உப்புக் காய்ச்சியிருப்பாரு" என்பான். உருளைக்கிழங்கில் உப்புக் குறைந்தால், "ஜோசையா கொள்ளுப்பேரன் தட்டுல உப்பு இல்லைன்னா வெளிய தெரிஞ்சா அசிங்கம்" என்பான். ஒரு போட்டோகூட இல்லாத மனிதரின் காது, மூக்கு, கோபம் எல்லாம் இவனுக்கு வந்துவிட்டது. செடிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, காயிடம் அதன் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். காயும் கேட்டுக் கேட்டுப் பருத்தது.

போட்டிக்கு முந்தின வியாழக்கிழமை சங்கக் குழு கூடியது. விண்ணப்பம் கொடுக்கிறவர் மட்டும் அன்று மாடி ஏறலாம். நெவில் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு ஏறினான். பொத்தான் பூட்ட முடியவில்லை. நான் உறுப்பினரின் மகள் என்ற உரிமையில் பின்னாலேயே போனேன்.

சங்கச் செயலாளர் போலின், எதற்கும் விதி பேசுகிறவள். சின்ன வயதில் பாண்டி விளையாடும்போதே கோட்டில் கால் பட்டதா என்று குனிந்து பார்த்தவள். எங்கள் காகிதங்களை மூக்குக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். "பிறப்பு, கல்யாணம், ஞானஸ்நானம், எல்லாம் சங்கிலி விடாம வந்திருக்கு. மிஸ்டர் லோமாஸ், நீங்க ஹாக்லோ வம்சம்தான். வாழ்த்துகள்" என்றாள். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள். நெவிலின் காது சிவந்தது.

மேஜைக் கோடியில் ஹொரேஸ் மாமா உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர், ஊருக்கே மாமா. அவர்தான் சங்கத்துக்குக் காய் நிறுக்கிறவர், அவருக்கு முன் அவர் அப்பா, அதற்கும் முன் அவர் தாத்தா. காதில் கையைக் குவித்துக்கொண்டு கேட்டார்.

"போலின், அந்தப் பேரை இன்னொரு தடவை சொல்லும்மா."

"ஜோசையா வார்டில், மாமா."

"உப்புக் காய்ச்சினவனா?"

"ஆமா."

"அப்புறம் மக்கிள்ஸ்ஃபீல்டுக்கு ஓடிப்போனவனா?"

"ஓடினாரா நடந்தாரான்னு இதுல இல்லை மாமா."

ஹொரேஸ் மாமா கோப்பையைக் கீழே வைத்தார். "ஓடினான். எங்க தாத்தா சாகற வரைக்கும் அந்தப் பேரைச் சொல்லித்தான் காறித் துப்புவாரு. வீட்டுக்குள்ள மட்டும்தான் சொல்லுவாரு, வெளிய சொன்னா பேருக்கு மரியாதை வந்துடுமாம். அவன்தான் ஈயக்குண்டன்."

கீழே யாரோ ஜோக் சொல்லி யாரோ சிரித்தது மட்டும் கேட்டது.

நடந்ததை ஹொரேஸ் மாமாவே சொன்னார். அந்த வருஷம் ஜோசையாவின் காய்தான் முதலில் வந்தது. அவர் தாத்தாவின் காய் இரண்டாவது; தராசு தாத்தா கைக்கு வந்தது அதற்கப்புறம்தான். முதல் காயைப் பாதிரியார் எல்லோர் முன்னாலும் சாப்பிட வேண்டும் என்பது அன்றைய வழக்கம். பாதிரியார் கடித்தார், பல் உடைந்தது, நாக்கிலிருந்து ஈயக்குண்டை எடுத்து மேஜையில் வைத்தார். அந்தக் கோபத்தில் அந்த வருஷம் கெட்டிலை யாருக்குமே கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஹொரேஸ் மாமாவின் தாத்தாவுக்கு அதற்குப் பிறகு ஒரு கெட்டிலும் கிடைக்கவில்லை.

"கூட்டாளிங்க ரெண்டு பேரும்" என்றார் மாமா. "ஒரே கொட்டகையில உப்புக் காய்ச்சினவங்க. அதுதான் தாத்தாவுக்கு ஆறவே இல்லை."

போலின் இருமினாள். "விதிப்படி பார்த்தா, மிஸ்டர் லோமாஸ் ஊர் வம்சம். அதனால சேர்த்துக்கணும். ஈயக்குண்டன் வம்சம். அதனால, தராசு கிடையாதுன்னு அப்பவே போட்ட தீர்மானப்படி, சேர்த்துக்கக் கூடாது."

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "ஏண்டி, நூறு வருஷத்துக்கு முன்னால எவனோ பாதிரியார் பல்லை ஒடச்சதுக்கு என் புருஷன் என்னடி பண்ணுவான்? பல்லா கட்டித் தர முடியும்?"

"தீர்மானம் தீர்மானம்தான் மேவிஸ். நானா போட்டேன்?"

அப்போது ஹொரேஸ் மாமா கை தூக்கினார். நெவிலைப் பார்த்து, வழக்கமான மரியாதையோடு, மெதுவாகப் பேசினார். "மிஸ்டர் லோமாஸ், அந்தக் காலத்துல உப்புக் கொட்டகையில வார்டில்ங்க நெறையப் பேரு. ஜோசையாவும் ரெண்டு மூணு இருந்திருக்கலாம். உங்க ஆளு வேற ஜோசையான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா, நான் மறுத்துப் பேச மாட்டேன். எனக்கும் வயசாச்சு. தப்பா ஞாபகம்னு வச்சுக்கலாம்."

அதைவிடப் பெரிய உபகாரம் அவர் செய்ய முடியாது. மேஜையில் எல்லோரும் நெவிலையே பார்த்தார்கள். போலின்கூடப் பேனாவைத் திறந்துவிட்டாள். நான் அவன் விலாவில் இடித்தேன். "சொல்லித் தொலையேன்" என்று பல்லைக் கடித்தேன். ஒரே வார்த்தைதான். சொன்னால் சனிக்கிழமை அவன் பெயரில் அவன் காய் தராசில் ஏறும்.

நெவில் தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "வேற ஆள் இல்லீங்க. அவரேதான்."

"மிஸ்டர் லோமாஸ், யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன். ரெண்டு மாசமா ஏன் ஏன்னு மண்டையை ஒடச்சுக்கிட்டேன், இப்பதான் புரியுது. கணக்கெடுக்க வந்தவன் எந்த ஊருன்னு கேட்டப்ப தெரியாதுன்னு சொல்லியிருக்காரு. தெரியாமலா இருக்கும்? இந்த ஊர்ப் பேரைச் சொல்ல வாய் வரலை. சாகற வரைக்கும் சொல்லலை. இப்ப நானும் அவரைத் தெரியாதுன்னு சொல்லிட்டா, அந்த மனுஷனுக்குன்னு யாருதான் இருக்கா?" தொப்பியை மாட்டிக்கொண்டே சொன்னான். "பாட்டி அவரை நல்ல அப்பான்னு சொல்லுவா."

போலின் பேனாவை மூடினாள். நெவில் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் படி இறங்கினான்.

வீடு வரும்வரை நான் வாயை மூடவில்லை. உலகத்தில் சொந்தக்காரனை மறைக்காதவன் யார்? என் மாமா ஒருவர் குதிரை திருடி ஜெயிலுக்குப் போனார், அவர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார் என்றுதான் நாங்கள் சொன்னோம். "செத்த திருடனுக்கு விசுவாசம் பார்த்து உசிரோட இருக்கிற பெண்டாட்டி மானத்தை வாங்கினவன் நீ ஒருத்தன்தான்!" என்று கத்தினேன். அன்று எங்கள் வீட்டில் தட்டுகள் தாமாகவே சத்தம் போட்டன.

நெவில் செடியருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் ஓய்ந்த பிறகு சொன்னான்.

"அவரு பண்ணினது தப்புதான் மேவிஸ். ஆனா ஏன் பண்ணினாருன்னு எனக்குப் புரியுது. எனக்கே ரெண்டு தடவை தோணியிருக்கு."

"ஈயம் வைக்கவா?"

"கடைக்குக்கூடப் போனேன். அப்புறம் ஆணி வாங்கிட்டு வந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக இருக்கும்போது சிரிப்பு வருவதைப்போல ஒரு தண்டனை கிடையாது. அவன் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அந்தக் காய் இலைக்கு நடுவே மஞ்சளும் பச்சையுமாக, மெல்லிய தோலுக்குள் நரம்பு தெரிய, எங்கள் இருவரையும் கவனிக்காமல் தொங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை. எங்கள் ஊரில் முன்கதவு என்பது பாதிரியாருக்கும் காப்பீட்டுக்காரனுக்கும் பிணத்துக்கும்தான். மற்றவர்கள் எல்லோரும் பின்கதவைத் தள்ளிக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் வந்துவிடுவார்கள். என்னைத் தேடி அப்படித்தான் வருவார்கள். நெவிலைத் தேடி வருகிற யாரும் இதுவரை அப்படி வந்ததில்லை, முன்பக்கம் போய்த் தட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். அன்று நான் முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். நெவில் பனியனோடு, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு, அடுப்புப் பக்கத்துக் கண்ணாடியில் சவரம் செய்துகொண்டிருந்தான். பின்கதவு தடாரென்று திறந்தது. போட்டி நாள் கோட்டும் டையுமாக ஹொரேஸ் மாமா நின்றார்.

"எங்கேடா அது?"

நெவில் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

"உன்னைத்தாண்டா. நான் நிறுக்கக் கூடாத காய் எதுன்னு பார்த்துடறேன். வந்து காட்டு."

மூவரும் தோட்டத்துக்குப் போனோம். மாமா குடையை ஒதுக்கினார். நான் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, முட்டி இரண்டும் சொடக்குப் போட, மெதுவாகக் குனிந்தார். காயைத் தொடவில்லை. அதற்கு அடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பார்த்தார். அவ்வளவு நேரம் அவர் எதையும் பார்த்து நான் கண்டதில்லை. அரை நூற்றாண்டு காய் நிறுத்த கண். அந்தக் கண்ணுக்கு இந்தக் காய் அன்று மாடியில் ஏறப்போகிற எந்தக் காயைவிடவும் பெரிது என்று தெரிந்திருக்கும். எங்களுக்கும் தெரியும்.

"எத்தனை குண்டு வச்சிருக்கேடா திருட்டுப் பயலே?" என்றார்.

நான் சண்டைக்கு வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். பாதிதான் கிண்டல். மீதிப் பாதி அவர் கேட்கவில்லை, அவர் தாத்தா கேட்டார்.

நெவிலும் அதைக் கண்டுகொண்டான். குனிந்தான். இரண்டு விரலால் காம்பைப் பிடித்தான்.

"டேய்! டேய் நெவில்!" என்று நான் அலறினேன்.

பறித்துவிட்டான். மாமாவின் கையில் வைத்தான்.

"கடிச்சுப் பாருங்க."

மாமா அரண்டுபோனார். "என்னடா பண்ணினே பாவி! விளையாட்டுக்குத்தானே கேட்டேன். இந்த மாதிரி ஒண்ணு இந்த ஊர்ல இனி வருமா? நிறுத்தாவது பார்த்திருப்பேனேடா, யாருக்கும் தெரியாம!"

"நிறுத்தா கனம் தெரியும். உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. கடிங்க."

மாமா காயைப் பார்த்தார், நெவிலைப் பார்த்தார். அப்புறம் கடித்தார். அவர் வாயில் மீதமிருக்கும் நாலைந்து பல்லால், பாதிக் காயை. சாறு போட்டி நாள் டை மேலெல்லாம் வழிந்தது. மெதுவாக மென்றார். இந்தப் பக்கம் மென்று, நாக்கால் அந்தப் பக்கம் தள்ளி, அங்கேயும் மென்றார். தோலைக் கையில் துப்பி விரலால் கிளறிப் பார்த்தார். விதைதான் இருந்தது.

"ஈயம் இல்லை" என்றார்.

நெவிலின் முகத்தில் நுரை காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. மாமா மிச்சப் பாதியை அவனிடம் நீட்டினார். அவன் வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். புளிப்பில் இருவருக்கும் ஒரே மாதிரி ஒரு கண் மூடியது. எனக்கு ஒரு துணுக்குகூடத் தரவில்லை, அதைக் கேட்கிற நிலையில் நானும் இல்லை. முந்தானை மாதிரி ஏப்ரனைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"தாத்தாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார் ஹொரேஸ் மாமா. "ஜோசையா வீட்டுக் காயைக் கடிச்சுப் பார்த்தேன், சுத்தமா இருந்ததுன்னு. அதிக நாள் இல்லை, சீக்கிரமே பார்ப்பேன் அவரை." டையைத் துடைத்தார், முடியாமல் விட்டுவிட்டார். "என்னடா மரம் மாதிரி நிக்கிறே? மாடியில மேஜை நாற்காலி தூக்கிப் போட ஆள் இல்லை. வா."

நெவில் அவர் பின்னாலேயே போய்விட்டான், பாதிச் சவரத்தோடு. நான்தான் சட்டையை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை ஓடினேன்.